கடைசிக் கதிரை

"கடைசிக் கதிரையில் இருந்தவன் சீட்டைக் கெடுத்துவிட்டான்." இந்த ஒரு வசனத்தை நான் நோர்வேஜிய மொழியில் கேட்டிருக்கிறேன், ஜெர்மனில் கேட்டிருக்கிறேன், டெனிஷில் கேட்டிருக்கிறேன், சுவீடிஷில் கேட்டிருக்கிறேன். போதாக்குறைக்குத் தமிழிலும் கேட்டேன். எந்த மொழியில் சொன்னாலும் அது பிழை. பத்தொன்பது வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டார்கள். போன மலரில் ஒருவர் மீன் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். இன்னொருவர் பஸ் ஓட்டியதைப் பற்றி எழுதினார். என்னைக் கேட்கும்போது மட்டும் மலர்க் குழுத் தலைவர் கொஞ்சம் இழுத்தார். "அக்கா, நீங்கள் கப்பலிலை துப்புரவு வேலை செய்தனீங்கள் தானே, அதைப் பற்றி எழுதுங்கோவன்" என்றார். துப்புரவு வேலை செய்தது ஆறு வருடம். சீட்டு மேசையில் நின்றது பத்தொன்பது வருடம். எதை எழுதுவது என்று எனக்குத் தெரியும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மெதுவாகத்தான் எழுத வரும். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், கருத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் இதைக் கொடுக்கிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன அந்த ஒரு வசனத்தால், இந்த ஆவணியில் எங்கள் ஆட்களின் கலியாணம் ஒன்றுக்குப் பெண்ணின் தாய்மாமன் வராமல் இருக்கப் பார்த்தார்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்ஜாக் என்பது இருபத்தொன்றுக்கு விளையாடுவது. ஆளுக்கு இரண்டு சீட்டு. இன்னும் வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். இருபத்தொன்றைத் தாண்டினால் வெடித்துப் போனீர்கள், காசுக்குப் பதிலாக நீங்கள் வைத்த வில்லைகளை நான் எடுத்துவிடுவேன். மேசைக்காரி எனக்கு முதலில் ஒரே ஒரு சீட்டு, அது எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும்; எல்லோரும் முடிந்த பிறகு, கடைசியாக மிச்சத்தை எனக்கு நான் எடுப்பேன். எனக்குச் சொந்தப் புத்தி பாவிக்க அனுமதி இல்லை. பதினாறு வரைக்கும் எடுக்கத்தான் வேண்டும், பதினேழு வந்தால் நிற்கத்தான் வேண்டும். நான் வெடித்தால் மிஞ்சி நிற்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்; வெடிக்காவிட்டால், இருபத்தொன்றுக்குக் கிட்ட நிற்பவருக்கே வெற்றி. மேசையில் ஐந்து பேர் இருந்தாலும் ஒருவரோடு ஒருவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியே என்னோடுதான் விளையாடுகிறார்கள்.

என் வலக்கைப் பக்கம் இருப்பது கடைசிக் கதிரை. அதில் இருப்பவர் எடுத்து முடிந்த உடனே என் முறை. அதனால், அவர் ஒரு சீட்டை எடுத்தால் எனக்கு வர இருந்ததை எடுத்துவிட்டார் என்று மற்ற நாலு பேரும் பாய்வார்கள். சரி, எடுத்தார். வர இருந்தது எது என்று யாருக்குத் தெரியும்? பெட்டிக்குள் சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. அவர் எடுத்ததால் நான் தப்பியதும் உண்டு, அவர் எடுத்ததால் நான் வெடித்ததும் உண்டு. இரண்டும் ஒரே அளவில்தான் நடக்கும். ஆனால் கெடுத்ததை மட்டும் நினைவு வைத்திருப்பார்கள். காத்தபோது ஒருவராவது திரும்பிப் பார்த்து நன்றி சொன்னதை நான் காணவில்லை.

நோர்வேயில் கரையில் இப்படி மேசை போட விடமாட்டார்கள். ஒஸ்லோவில் இருந்து ஜெர்மனிக்குப் போகும் கப்பலில்தான் இருந்தது. மத்தியானம் கப்பல் வெளிக்கிடும். கரையை விட்டு நல்ல தூரம் போன பிறகுதான் மேசையை மூடியிருக்கும் துணியை எடுக்கலாம். ஆறு வருடம் நான் அந்தக் கப்பலில் கட்டில் விரிப்பு மாற்றினேன். சாப்பாட்டு இடைவேளையில், எங்களோடு வேலை செய்த மூன்று தமிழ்ப் பெண்களோடு முன்னூற்றுநாலு என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் விளையாடுவேன். ஒரு நாள் சூதாட்ட மண்டபத்தின் பொறுப்பாளர் இங்கெபோர்க் எங்கள் மேசையைக் கடந்து போனவர், நின்று என் கையைப் பார்த்தார். நான் சீட்டுக் குலுக்குவதைத்தான் பார்த்தார். அடுத்த கிழமை, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஆறு பேரோடு என்னையும் நிற்க வைத்துப் பழக்கினார்கள். இரண்டு மாதம். வாசிக்க வேண்டியது ஒன்றும் இல்லை, இருபத்தொன்று வரைக்கும் கூட்டத் தெரிந்தால் போதும். படித்த பெண்கள் நாலு பேர் இடையில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை.

இங்கெபோர்க் உயரமான மனுசி, நரைத்த தலை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிரச்சினை வந்தால் மேசை ஓரத்தில் இரண்டு விரலை வைப்பார். அவ்வளவுதான். குடித்துவிட்டுக் கத்துகிற ஆட்கள்கூட அந்த இரண்டு விரலைக் கண்டால் அடங்கிப் போவார்கள். பிழை விட்டால் ஏசமாட்டார். அந்த ஆட்டத்தை அப்படியே பின்னோக்கி எடுத்துக் காட்டச் சொல்வார். முடிந்த சீட்டுகளை வலப்பக்கம் இருந்து இடப்பக்கமாக ஒழுங்கு குலையாமல் கூட்டி எடுத்து, பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். ஒழுங்கு சரியாக இருந்தால், யாருக்கு எந்தச் சீட்டு எந்த நேரம் போனது என்று திருப்பி வைத்துக் காட்டலாம். என் தட்டு ஒருநாளும் பிழைத்ததில்லை. மேசையை விட்டுப் போகும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மேலே இருக்கும் கமராவுக்குக் காட்ட வேண்டும். இன்றைக்கும் சமையலறையில் பாத்திரம் கழுவி முடிந்ததும் நான் கையை விரிக்கிறேன்.

இரண்டு கட்டளை அவரிடம் கடுமையாக இருந்தது. விளையாடுகிறவர் செய்தது சரி, பிழை என்று மேசைக்காரி வாய் திறக்கக் கூடாது. மேலாளருக்கு விளங்காத மொழியில் ஒரு சொல்லும் மேசையில் கதைக்கக் கூடாது. இரண்டையும் நான் மீறியதில்லை. மீறாததால் வந்த வினையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அம்மருட்டில் இருக்கும் செல்வராசாவையும் குரோருட்டில் இருக்கும் யோகனையும் எங்கள் ஆட்களில் தெரியாதவர்கள் குறைவு. செல்வராசாவின் தங்கை புஷ்பத்தைத்தான் யோகன் கலியாணம் முடித்தவர். மச்சான்மார் இருவரும் முன்னூற்றுநாலில் சோடி. சங்கத்தின் போட்டியில் எத்தனையோ முறை கோப்பை எடுத்த சோடி. முன்னூற்றுநாலில் எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். ஒருவர் இறக்குகிற சீட்டில் மற்றவரின் வெற்றி தங்கியிருக்கிறது. செல்வராசா புருவத்தை அசைத்தால் யோகனுக்கு விளங்கும் என்பார்கள். அப்படிச் சாடை காட்டுவது கள்ள விளையாட்டு என்பது வேறு விசயம்.

செல்வராசாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு குடும்பமும் கப்பலில் வந்தது. நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. நல்ல வெயில் காலம். பின்னேரம் மேசை திறந்த கையோடு இருவரும் வந்து குந்தினார்கள். செல்வராசா நடுவில். யோகன் கடைசிக் கதிரையில். புஷ்பம் பின்னால் தேத்தண்ணீரோடு நின்றாள்.

"அட, எங்கடை திரேசா அக்கா! அப்ப இண்டைக்கு வெற்றிதான்" என்றார் செல்வராசா.

நான் நோர்வேஜிய மொழியில் வணக்கம் சொன்னேன்.

"பாத்தியோ மச்சான், அக்கா வெள்ளைக்காரியாப் போனா" என்று யோகன் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஐந்து விழுந்தது. யோகனிடம் பதின்மூன்று. மேசைக்காரியிடம் ஐந்து இருந்தால், பதின்மூன்றோடு நிற்பதுதான் புத்தி. யோகன் எடுத்தார். ஆறு வந்தது, பத்தொன்பது. அடுத்து எனக்குப் பத்து, பிறகு எட்டு. இருபத்துமூன்று, நான் வெடித்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். யோகன் அந்த ஆறை எடுக்காமல் விட்டிருந்தால், ஐந்தும் ஆறும் பத்தும் சேர்ந்து எனக்கு இருபத்தொன்று. மேசை முழுவதையும் நான் வாரியிருப்பேன். மச்சான் தன்னைக் காத்துவிட்டார் என்பதைச் செல்வராசா கவனிக்கவில்லை. வில்லைகளை அடுக்கிக்கொண்டு, "எனக்கு இண்டைக்கு நாள் நல்லது" என்றார்.

அந்த நல்ல நாளை நம்பி, இருந்த வில்லை எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளி வைத்தார். அவருக்கு இரண்டு படச்சீட்டு, ஒன்றுக்குப் பத்தாக இருபது. எனக்கு ஆறு. யோகனிடம் பன்னிரண்டு. ஆறுக்கு எதிரே பன்னிரண்டோடும் நிற்கத்தான் வேண்டும். செல்வராசா புருவத்தை அசைத்தார். இருமினார். யோகன் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் துணியைத் தட்டினார். தட்டினால் நான் கொடுக்க வேண்டும். ராஜா வந்தது. இருபத்திரண்டு. யோகன் போனார். பிறகு எனக்கு ஒன்பது, அதன் மேல் ஆறு. இருபத்தொன்று. செல்வராசாவின் இருபதை நான் எடுத்தேன்.

"ஏனடா எடுத்தனீ?"

"பன்ரெண்டு மச்சான். பன்ரெண்டோடை என்னண்டு இருக்கிறது?"

"அவவிட்டை ஆறெல்லோ கிடக்குது! அந்த ராஜா அவவுக்கு வரவேண்டியது. உன்னாலை நான் துலைஞ்சன்."

"என்ரை வில்லை, என்ரை சீட்டு. உனக்கென்ன?"

"அண்ணை, ஆக்கள் பாக்கினம், மெதுவாக் கதையுங்கோ" என்றாள் புஷ்பம்.

செல்வராசா என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. இவன் அதை எடுக்காட்டி நீங்கள் வெடிச்சிருப்பியள், என்ன?"

எனக்குத் தெரியும். ஆறும் பத்தும் பதினாறு, அதோடு ஒன்பது இருபத்தைந்து. வெடித்துத்தான் இருப்பேன். அதற்கு முன் யோகன் இதே மாதிரிப் பிழையாக எடுத்து இவரைக் காத்ததும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒரு நிமிசம். தமிழில் சொன்னால் அரை நிமிசம். ஆனால் நான், "அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். செல்வராசாவின் முகம் அப்படியே வாடியது.

இங்கெபோர்க் வந்தார். இரண்டு விரல் மேசையில். செல்வராசா முறைப்பாடு சொன்னார். ஆட்டத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார் இங்கெபோர்க். தட்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒழுங்கு அச்சொட்டாக இருந்தது. அந்த நேரத்தில்கூட எனக்கு அதில் ஒரு பெருமை. இங்கெபோர்க் பார்த்தார். "ஆம், அவர் எடுக்காவிட்டால் மேசை வெடித்திருக்கும். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. முடிவு மாறாது" என்றார்.

செல்வராசாவின் காதில் "ஆம்" மட்டும் விழுந்தது.

"கேட்டியே? வெள்ளைக்காரியே சொல்லிப்போட்டாள். இனி உனக்கும் எனக்கும் கதையில்லை" என்று எழும்பிப் போனார். ஜெர்மனியில் இரண்டு குடும்பமும் இரண்டு வழியாக இறங்கியது.

இது நடந்து நாலு வருடம். சங்கத்தின் கோப்பையை வேறு யாரோ எடுக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன சித்திரையில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வைத்துப் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மகளுக்கு ஆவணியிலை கலியாணம். தலையிலை பால் அறுகு வைச்சுத் தோயவாக்கத் தாய்மாமன் வேணும். எனக்கிருக்கிறது ஒரே ஒரு அண்ணன். அவர் வரமாட்டாராம். 'உன்ரை மனுசன் இருக்கிற பந்தலுக்கை நான் கால் வைக்கமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டார். ஒரு சீட்டுக்கு அக்கா, ஒரு சீட்டுக்கு! நீங்கள் வந்து விளங்கப்படுத்துங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பார்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் கவிழ்ந்து கிடந்த ஒரு ராஜா, ஒரு பெண் பிள்ளையின் தலையில் பால் வைத்துக் கலியாண முழுக்கு வார்ப்பதைத் தடுக்கிறது. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

கப்பலில் பாவித்து முடிந்த சீட்டுக்கட்டுகளுக்கு நடுவில் ஓட்டை போட்டு எங்களுக்குத் தருவார்கள், இன்னொரு முறை மேசைக்கு வராமல் இருக்க. அதில் ஆறு கட்டு எடுத்துக்கொண்டு புஷ்பத்தோடு அம்மருட்டுக்குப் போனேன். பத்தாம் மாடி. செல்வராசா கதவைத் திறந்து, "வாங்கோ அக்கா" என்றார். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய மனைவி வேலைக்குப் போயிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் ஆறு கட்டையும் குலுக்கினேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசிக் கதிரைக்காரன் பிழையாக ஒரு சீட்டு எடுத்தால் என்ன வருகிறது, எடுக்காவிட்டால் என்ன வருகிறது என்று இரண்டு விதமாகவும் வைத்துக் காட்டினேன். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் செல்வராசாவையே கோடு போடச் சொன்னேன். ஒரு பக்கம் 'காத்தது'. மறுபக்கம் 'கெடுத்தது'. நான் போட்டால் கள்ளக் கோடு என்று சொல்லுவார்.

அதிகமான ஆட்டங்களில் அந்தச் சீட்டு என் முடிவை மாற்றவே இல்லை. மாற்றிய இடத்தில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இங்கே இரண்டு ஏறினால் பிறகு அங்கே ஏறியது. இரண்டு முறை தேத்தண்ணீர் குடித்தோம். செல்வராசா பேனையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார்.

"பாத்தியளே! கெடுத்தது ஒண்டு கூட!"

"ஒண்டு தானே. இன்னொருக்காப் போடட்டோ?"

போட்டேன். காத்தது. சமம்.

செல்வராசா இரண்டு பக்கத்தையும் திரும்ப எண்ணினார்.

"இன்னொண்டும் கேளுங்கோ" என்றேன். "அந்த ராஜாவுக்கு முந்தி, யோகன் பதின்மூண்டிலை ஒரு ஆறு எடுத்தவர். அதை எடுக்காட்டி எனக்கு இருபத்தொண்டு. அப்பவே நீங்கள் தோத்திருப்பியள். உங்களைக் காத்தது அவர்தான்."

"அதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை."

"தமிழிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா."

"சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும்."

அந்தக் கட்டளையைக் காத்ததற்கு எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் புஷ்பத்தின் நாலு வருடத்தில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

"சரி, கணக்கு விளங்குது" என்றார் செல்வராசா. "எண்டாலும் அண்டைக்கு அவன் எடுக்காமல் விட்டிருக்கலாம்."

எனக்கு இரண்டு கையாலும் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. பின்னேரம் முழுக்க எதற்குச் சீட்டுப் போட்டேன்?

"தம்பி, இவ்வளவும் பாத்தியள். பிறகும் என்ன?"

"நான் இருமினன் அக்கா. புருவத்தைக் காட்டினன். முப்பது வருசம் நான் காட்டினால் அவனுக்கு விளங்கும். அண்டைக்கு அவன் என்ரை முகத்தைப் பாக்கவே இல்லை. என்ரை வில்லை, என்ரை சீட்டு, உனக்கென்ன எண்டு கேட்டான். என்னைப் பாத்து, உனக்கென்ன எண்டு."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. இந்த மனுசன் என் மேசையில் பிளாக்ஜாக் விளையாடவே இல்லை. முன்னூற்றுநாலு விளையாடியிருக்கிறார். எனக்கு எதிரே மச்சானும் தானும் சோடி என்று நினைத்துக்கொண்டு குந்தியிருந்திருக்கிறார். எத்தனையோ நாட்டுக்காரர் கடைசிக் கதிரையைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் காரணத்துக்குத் திட்டியவர் இவர் ஒருவர்தான்.

"செல்வராசா, அந்த மேசையிலை சோடி இல்லை. ஆருக்கும் ஆரும் மச்சான் இல்லை. அவர் உங்களை விட்டிட்டுப் போகேல்லை. அந்த விளையாட்டிலை உங்களோடை நிக்க அவருக்கு இடமே இல்லை."

நான் ஒரு கட்டை எடுத்து, இரண்டில் இருந்து ஆறு வரைக்கும் உள்ள சீட்டுகளைப் பொறுக்கி வெளியே வைத்தேன். மிச்சம் முப்பத்திரண்டு. முன்னூற்றுநாலுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"மூண்டு பேராலை ஏலாதே" என்றார் அவர்.

"நாலாவது ஆள் கீழை காருக்குள்ளை இருக்கிறார்" என்றாள் புஷ்பம். "வந்த நேரம் துடக்கம் இருக்கிறார்."

செல்வராசா எழும்பிப் போய் ஜன்னலால் கீழே பார்த்தார். பத்தாம் மாடியில் இருந்து என்ன தெரியும்? ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"வரச் சொல்லு. ஆனா கடைசிக் கதிரையிலை இருக்கக் கூடாது."

"இதிலை கடைசிக் கதிரை எண்டு ஒண்டு இல்லை" என்றேன்.

யோகன் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, செல்வராசாவுக்கு எதிரே குந்தினார். நானும் புஷ்பமும் ஒரு சோடி. சீட்டுப் போட்டேன். யோகன் துருப்பைக் கவிழ்த்து வைத்தார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்காமலே ஐந்தாறு பிடி போனது. பிறகு செல்வராசா ஜாக்கை இறக்கினார். அதற்கு மேல் அந்த இனத்தில் சீட்டே கிடையாது, பிடி அவர்களுடையதுதான். யோகனிடம் அந்த இனத்தில் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு சின்னச் சீட்டைப் போட்டிருக்கலாம். எதை நினைத்தாரோ தெரியாது, துருப்பை எடுத்து அந்த ஜாக்கை வெட்டினார். சொந்தச் சோடியின் ஜாக்கை! அடுத்த பிடிக்கு அவரிடம் துருப்பு இல்லை. நானும் புஷ்பமும் மிச்சத்தை வாரி எடுத்தோம்.

"டேய்! என்ரை ஜாக்கையே வெட்டுறாய்? முகத்தைப் பாத்து விளையாடடா! உன்னாலைதானடா தோத்தது!"

"ஓம் மச்சான், என்னாலைதான்" என்றார் யோகன்.

புஷ்பம் சிரிக்கத் தொடங்கி அழுதாள். செல்வராசா சீட்டைக் கூட்டி எடுத்துக் குலுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "பிள்ளைக்குத் தோயவாக்கிறது எத்தினை மணிக்கு?"

பத்தொன்பது வருடத்தில் மேசையில் ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னதை எத்தனையோ ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். அன்றைக்கு மட்டும்தான் சொன்னவர் சொன்னது சரி.